வாள் கை மாறியபோது: நியூயார்க் மெடூசா சிலை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2020 அக்டோபரில், நியூயார்க் நகரின் கீழ் மன்ஹாட்டனிலுள்ள கலெக்ட் பாண்ட் பார்க் என்னும் சிறிய பூங்காவில் ஏழு அடி உயரமுள்ள வெண்கலச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. ஆடையில்லாத ஓர் இளம்பெண். கூந்தல் இருக்க வேண்டிய இடத்தில் பாம்புகள். ஒரு கையில் வாள், மறு கையில் வெட்டுண்ட ஓர் ஆணின் தலை. 'பெர்சியூஸின் தலையுடன் மெடூசா' என்பது சிலையின் பெயர். கிரேக்கத் தொன்மத்தில் மெடூசா, தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புக்கூந்தல் பெண்; அவள் தலையை வெட்டிய வீரன் பெர்சியூஸ். இங்கே அது தலைகீழாகியிருக்கிறது. வடித்தவர் லூசியானோ கர்பாட்டி, இத்தாலிய வேர்களைக் கொண்ட அர்ஜென்டினச் சிற்பி. பூங்காவை ஒட்டிய சாலையைக் கடந்தால் சென்டர் ஸ்ட்ரீட் 100ஆம் எண் கட்டடம், அதாவது மன்ஹாட்டனின் குற்றவியல் நீதிமன்றம். திரைப்படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பாலியல் குற்றங்களுக்காகக் குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டதும், 23 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதும் அதே ஆண்டின் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தக் கட்டடத்தில்தான்.

சிலை நிறுவப்பட்ட வாரத்திலேயே சர்ச்சை தொடங்கியது. பெண்களின் சீற்றத்துக்குக் கிடைத்த நினைவுச்சின்னம் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். பெண்ணியத்தின் பெயரால் ஓர் ஆண் வடித்த இன்னொரு நிர்வாணப் பெண் என்று மறுசாரார் ஒதுக்கினார்கள். கிரேக்கத் தொன்மத்தையும் பெண் ஆற்றலையும் பொருளாகக் கொண்டு இன்று கலை செய்ய முனையும் எவருக்கும் இந்தச் சிலையைப் போல ஒரே இடத்தில் இத்தனை கேள்விகளை எழுப்பும் எடுத்துக்காட்டு வேறு கிடைப்பது அரிது என்பதால்தான் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். சிலைக்கு வலிமை தந்தது அது நின்ற இடம். அதை வலுவிழக்கச் செய்தது, எந்தச் சிலைக்கு மறுமொழியாக அது வடிக்கப்பட்டதோ அந்தச் சிலையின் இலக்கணத்தைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது. இதுவே என் கணிப்பு.

ஃபுளோரன்ஸில் இருக்கும் மூலம்

கர்பாட்டியின் மெடூசாவைப் புரிந்துகொள்ள, முதலில் ஃபுளோரன்ஸ் நகரின் பியாஸ்ஸா டெல்லா சிஞ்ஞோரியா சதுக்கத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே லோஜியா தெய் லான்ஸி என்னும் திறந்த மண்டபத்தில் பென்வெனுட்டோ செல்லினியின் பெர்சியூஸ் நிற்கிறான். கோசிமோ தே மெடிசி பிரபு 1545இல் இட்ட பணி அது. 1554 ஏப்ரலில் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. வலக்கையில் வாளைத் தாழ்த்தி, இடக்கையால் மெடூசாவின் தலையை உயர்த்திப் பிடித்திருக்கிறான் பெர்சியூஸ். அவன் காலடியில், ஒரு மெத்தையின் மேல் முறுக்கி மடக்கப்பட்ட நிலையில் அவளது தலையில்லாத உடல் கிடக்கிறது. வெட்டுண்ட கழுத்திலிருந்தும் தலையிலிருந்தும் குருதி பவளக் கொத்துகளாகத் தொங்குகிறது. இரண்டு முகங்களையும் அருகருகே பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். கொன்றவனின் முகமும் கொல்லப்பட்டவளின் முகமும் கிட்டத்தட்ட ஒன்றே: அதே தாழ்ந்த இமைகள், அதே மூக்கு, அதே அமைதி.

இந்தச் சிலையை வார்த்த கதையைச் செல்லினி தன் வரலாற்றில் நாடகத்தனமாகச் சொல்லியிருக்கிறார். கடுங்காய்ச்சலில் படுத்திருந்தவரிடம் உலோகம் உறைந்துபோகிறது என்று ஆள் வந்து சொல்ல, எழுந்து ஓடி, உலையில் ஓக் விறகைத் திணித்து, வெள்ளீயம் போதாமல் வீட்டிலிருந்த ஏறத்தாழ 200 ஈயக்கலவைத் தட்டுகளையும் கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக எறிந்து உலோகத்தை மறுபடி ஓடவைத்ததாக எழுதுகிறார். சுவாமிமலையில் இன்றும் நடக்கும் மெழுகு வார்ப்பின் அடிப்படைதான் இதுவும். அங்கே திருமேனிகளை உள்ளே கெட்டியாக வார்ப்பார்கள், செல்லினி உள்ளே கூடாக வார்த்தார் என்பது வேறுபாடு. மெடூசாவின் உடலைத் தனியே முதலில் வார்த்தார். பெர்சியூஸ் பின்னர் வந்தான். தற்பெருமை மிகுந்த அந்த விவரணையை முழுவதும் நம்ப வேண்டியதில்லை. ஆனாலும், ஒரு பெண்ணின் தலையைத் துண்டித்தவன் கதையைச் சொல்லும் சிலை, அதைச் செய்தவனின் வீரக்கதையாகவும் ஆகிவிட்டதை அது காட்டுகிறது. பெர்சியூஸின் மார்பில் குறுக்கே ஓடும் பட்டையில் சிற்பியின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த மண்டபத்துக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. நியூயார்க் சிலைக்கு அதுவே நேரான முன்கதை என்பேன். விவிலியக் கதை நாயகி யூதித்தை டொனாடெல்லோ வடித்த வெண்கலச் சிலை, ஹோலோஃபெர்னஸ் என்னும் படைத்தலைவனின் தலையை வெட்ட வாளோங்கி நிற்பது, நகரை ஆண்ட மெடிசி குடும்பம் விரட்டப்பட்ட பிறகு, 1495இல், குடியரசின் சின்னமாக நகர மாளிகையின் முன்னால் நிறுத்தப்பட்டது. 1504 ஜனவரியில், மைக்கேலாஞ்சலோ முடித்திருந்த தாவீது சிலையை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய ஓர் ஆலோசனைக் கூட்டம் கூடியது. லியனார்டோவும் போட்டிச்செல்லியும் அதில் இருந்தார்கள். முதலில் பேசிய அரசுக் கட்டியக்காரர் யூதித்தைச் சாவின் அறிகுறி என்றார். பெண் ஆணைக் கொல்வது நல்லதல்ல என்றார். அவளை அங்கே வைத்த நாள்முதல் நகரத்துக்குக் கேடுதான், பைசா நகரத்தையும் இழந்தோம் என்று கோள்நிலைமேலும் பழிபோட்டார். யூதித் அகற்றப்பட்டாள், அந்த இடத்தில் தாவீது நின்றான். அவள் 1506இல் இதே லோஜியாவில் வந்து சேர்ந்தாள். சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின், மெடிசிகள் ஆட்சிக்குத் திரும்பிய காலத்தில், ஒரு பெண்ணின் தலையை உயர்த்திப் பிடித்த ஆண் அவளுக்குத் துணையாக அங்கே வந்து நின்றான். யார் கையில் வாள் இருக்கலாம் என்பதை ஃபுளோரன்ஸ் நகரம் வெளிப்படையாகவே விவாதித்துத் தீர்மானித்திருக்கிறது.

செல்லினியின் சூழ்ச்சி இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சதுக்கத்தில் அப்போது நின்ற தாவீதும் பண்டினெல்லியின் ஹெர்குலிஸும் பளிங்கால் ஆனவை. வெண்கல மெடூசாவின் பார்வை பட்டு அவை கல்லாகிவிட்டன என்று பார்வையாளர் எண்ணிக்கொள்ளட்டும் என்பது அவர் போட்ட கணக்கு எனக் கலை வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. அப்படியானால் சதுக்கத்தின் உண்மையான ஆற்றல் இறந்த பெண்ணின் கண்களில்தான் இருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவன் மட்டுமே ஆண்.

அதற்கும் முன்னே இருந்தவள்

மெடூசா முழுமையான பெண் தெய்வம் அல்லள். தெய்வத்தின் விளிம்பில் நிற்பவள். ஃபோர்கிஸ், கீட்டோ என்னும் கடல் தெய்வங்களின் மகள். கோர்கன் சகோதரியர் மூவரில் மற்ற இருவருக்கும் சாவில்லை. இவளுக்கு மட்டும் உண்டு என்கிறார் பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியட். கடற்கடவுள் போசைடன் அவளோடு இளவேனிற் பூக்கள் நிறைந்த மெல்லிய புல்வெளியில் கூடினார் என்பதே அவர் தரும் செய்தி. பெர்சியூஸ் தலையை வெட்டியபோது பெகசஸ் என்னும் சிறகுள்ள குதிரையும் கிரைசாவோரும் அவளிடமிருந்து பிறந்தார்கள். அதில் வன்முறைப் புணர்ச்சியும் இல்லை, சாபமும் இல்லை. நாம் இன்று அறிந்த கதை, அதாவது அழகியான மெடூசாவைக் கடற்கடவுள் கிரேக்கர்கள் அதீனா என்றழைத்த மினர்வாவின் கோயிலுக்குள் வன்புணர்ந்தான், தெய்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கூந்தலைப் பாம்புகளாக மாற்றித் தண்டித்தது என்பது, ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. கிரேக்கத் தொன்மம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகள் இருக்கின்றன. கர்பாட்டியின் சிலைக்குப் பின்னால் பேசப்பட்டதெல்லாம் ஓவிடின் மெடூசாவே.

உருவங்களிலும் இப்படியே. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய மண் தாழி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள மெடூசாவுக்கு இடுப்புக்குப் பின்னே குதிரையின் உடல். பெர்சியூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் கழுத்தை அறுக்கிறான். கார்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் கோயில் முகப்பில், கி.மு. 580ஐ ஒட்டிச் செதுக்கப்பட்ட கோர்கன், இன்று அத்தீவின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்தையே நிறைத்து நிற்கிறாள். ஒரு முழங்காலை மடக்கி ஓடும் நிலை. இடுப்பில் முடிச்சிட்ட இரண்டு பாம்புகள் கச்சையாக. பிளந்த வாய், உருண்ட கண்கள். பக்கத்தில் பெகசஸும் கிரைசாவோரும் ஏற்கெனவே பிறந்து நிற்கிறார்கள். ஆனால் அவள் தலை இன்னும் கழுத்தின்மேல்தான் இருக்கிறது. கதையின் முன்பின் ஒழுங்கைச் சிற்பி பொருட்படுத்தவேயில்லை, ஏனென்றால் அங்கே அவள் பலியானவளாக இல்லை, கோயிலின் காவலாக இருக்கிறாள். அக்காலக் கலையில் மற்ற உருவங்களெல்லாம் பக்கவாட்டில் முகம் காட்டும்போது கோர்கன் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். கேடயங்களிலும் மதுக்கிண்ணங்களின் உட்புறத்திலும் கூரை விளிம்புகளிலும் அந்த முகத்தை வரைந்தார்கள். தீயதை விரட்டும் என்ற நம்பிக்கை.

அவளை அழகியாக்கியது கி.மு. 5ஆம் நூற்றாண்டு. அம்மாற்றத்தின் மிக முந்தைய சான்றுகளில் ஒன்று நியூயார்க்கிலேயே, மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: கி.மு. 450க்கும் 440க்கும் இடைப்பட்டதாகக் கணிக்கப்படும், பாலிக்னோடோஸ் என்னும் ஓவியருடையதாகக் கருதப்படும் ஒரு சாடி. அதில் மெடூசா தலையைக் கையில் சாய்த்து உறங்கும் சாதாரணப் பெண். பெர்சியூஸ் அரிவாளைக் கழுத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நிற்கும் அதீனாவைத் திரும்பிப் பார்க்கிறான். அந்த ஓவியத்தைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது இரக்கம். ஆனால் அந்த இரக்கத்துக்கு ஒரு விலை இருந்தது: அழகியான பிறகு அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

களிமண்ணிலிருந்து கைபேசித் திரைக்கு

கர்பாட்டி 2008இல் இச்சிலையை முதலில் களிமண்ணில் செய்தார். செல்லினியின் சிலையைப் பார்த்தவருக்குத் தோன்றிய கேள்வி எளியது: வென்றவள் இவளாக இருந்தால் அவள் எப்படி நின்றிருப்பாள்? அதற்கு அவர் கண்ட விடையில் மிகச் சிறந்தது கைகளில் இருக்கிறது. செல்லினியின் பெர்சியூஸ் தலையை வானத்துக்கு உயர்த்துகிறான். இவளோ இரண்டு கைகளையும் தொங்கவிட்டிருக்கிறாள். வாளின் முனை தரையைப் பார்க்கிறது. பெர்சியூஸின் தலை அவள் தொடைக்கருகே, ஒரு சுமையாகத் தொங்குகிறது. யாருக்கும் காட்டுவதற்காக அவள் அதைப் பிடித்திருக்கவில்லை. உடல் எடை ஒரு காலில் சாய்ந்திருக்க, முகம் சற்றே கவிழ்ந்து, புருவத்தின் கீழிருந்து முன்னால் பார்க்கிறாள். வெற்றிக்களிப்பு முகத்தில் இல்லை. தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதைச் செய்து முடித்த ஒருத்தியின் உறுதியே தான் தேடியது என்ற பொருளில் சிற்பி பின்னர் விளக்கியிருக்கிறார். சிலையும் அதைச் சொல்லவே செய்கிறது. காலடியில் உடல் எதுவும் கிடக்கவில்லை என்பதும் முக்கியம். செல்லினிக்கு ஒரு பெண்ணுடலை மிதித்துக் காட்டத் தேவைப்பட்டது. கர்பாட்டி அதைத் திருப்பிச் செய்யாமல் விட்டார்.

பத்தாண்டுகள் அச்சிலை பெரிதாகப் பேசப்படவில்லை. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது செல்லினியின் உருவமைப்பிலேயே, டிரம்ப்பைப் பெர்சியூஸாகவும் அவர் கையில் தொங்கும் தலையாக ஹிலரி கிளின்டனையும் வரைந்த படம் சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சாகி விற்கப்பட்டது. நானூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பின்னும், அதிகாரத்தை நெருங்கிய பெண்ணை அடக்கும் சின்னமாக அந்த வெண்கலம் வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில், உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிரெட் கவனாமீது பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டி கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்த காலத்தை ஒட்டி, கர்பாட்டி சிலையின் நிழற்படம் சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. நாங்கள் கேட்பது சமத்துவத்தைத்தான், பழிக்குப் பழியை அல்ல என்பதற்கு நன்றியோடு இருங்கள் என்ற பொருளுடைய ஒரு வாசகத்தோடு அது கைமாறியது. அந்த வாசகம் சிற்பியுடையது அன்று.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்கலாம். செல்லினியின் சிலை முதலில் உலோகமானது, பின்னரே படமானது. கர்பாட்டியின் சிலையோ முதலில் படமாகப் புகழ்பெற்று, அப்புகழ் தேடித்தந்த ஆதரவால்தான் வெண்கலமானது. புகைப்படக் கலைஞர் பெக் ஆண்டர்சன் தொடங்கிய ஒரு திட்டம் சிற்பியோடு சேர்ந்து அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தது. நகரப் பூங்காத் துறை தற்காலிகக் கலைப்படைப்புகளுக்கு இடம் தரும் திட்டத்தின்கீழ் 2020 அக்டோபர் முதல் 2021 ஏப்ரல் வரை அது அங்கே நின்றது. பெருந்தொற்றின் நடுவே அதை நேரில் கண்டவர்களைவிடத் திரையில் கண்டவர்களே மிகுதி. நீதிமன்றத்தின் தூண்களும் சன்னல்களும் பின்னணியில் தெரிய எடுக்கப்பட்ட அந்தப் படங்களில்தான் சிலை தன் முழுப் பொருளை அடைந்தது. 2008இல் ஒரு பட்டறையில் அது செல்லினிக்கு எழுதிய அடிக்குறிப்பாக இருந்தது. சென்டர் ஸ்ட்ரீட்டில் நின்றபோது அது ஒரு முறையீடாக மாறியது. சிற்பி ஒரு பிடி மண்ணைக்கூட மாற்றவில்லை.

குற்றச்சாட்டுகள்

முதற்கேள்வி எல்லார் வாயிலும் வந்தது: ஏன் பெர்சியூஸின் தலை? வன்புணர்ந்தவன் போசைடன் அல்லவா? பாலியல் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றத்தின் எதிரே, குற்றம் செய்தவனை விட்டுவிட்டு வேறொருவனின் தலையைக் காட்டுவது பிழையென்றார்கள். ஓவிடின் கதைக்கு அது உண்மையான எதிர்ப்புத்தான். ஆனால் சிலை பேசுவது ஓவிடோடு அன்று, செல்லினியோடு. பெர்சியூஸ் செரிஃபோஸ் தீவின் அரசனுக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற, உறங்கிக்கொண்டிருந்தவளைக் கொன்று, அவள் தலையை ஆயுதமாகப் பயன்படுத்தி, வீரன் என்று பெயரெடுத்தவன். குற்றவாளி ஒருவன், அக்குற்றத்தின் விளைவால் புகழடைந்தவன் இன்னொருவன். கலை வரலாறு பெரும்பாலும் இரண்டாமவனையே சிலையாக வடித்திருக்கிறது. ஆகவே பட்டறையில் எடுத்த முடிவாகப் பெர்சியூஸின் தலை சரியானது. இடம் மாறியபோது அந்த முடிவு பொருந்தாமல் போனது. இடத்தால் வலிமை பெற்ற படைப்பு அதே இடத்தால் ஒரு பழுதையும் பெற்றது.

இரண்டாவது குற்றச்சாட்டை என்னால் தள்ள முடியவில்லை. அந்த உடல். ஒல்லியான, வழவழப்பான, எந்த இடத்திலும் மயிரில்லாத, விளம்பரப் பலகைகளில் நாம் நாள்தோறும் பார்க்கும் உடல். பாம்புகளைச் சீராக வாரிவிட்டதுபோல் பின்னால் ஒதுக்கியிருக்கிறார் சிற்பி. கார்ஃபு கோயிலின் கோர்கனுக்கு அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை; அவள் வேலை அச்சுறுத்துவது. செல்லினியின் வடிவ இலக்கணத்தை, அதாவது செம்மையான இளமை, நிர்வாணம், ஒரு காலில் சாய்ந்த நிற்றல் ஆகியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு வாளை மட்டும் கைமாற்றும்போது, அந்த இலக்கணத்துக்குள் பெண்ணுடலுக்குப் பல நூற்றாண்டுகளாக ஒதுக்கப்பட்டிருந்த இடமும் கூடவே வந்துவிடுகிறது. ஆணின் நிர்வாணம் அம்மரபில் வீரத்தைக் குறிக்கும். பெண்ணின் நிர்வாணம் பார்க்கப்படுவதைக் குறிக்கும். கல்லாக்கும் கண்களைக் கொண்டவளைப் பார்ப்பதற்கு இனிய பொருளாக்கிவிட்டால் அவளிடமிருந்து எடுக்கப்பட்டது தலை மட்டுமா?

மூன்றாவது, 'மீ டூ' இயக்கத்தைத் தொடங்கிய டரானா பர்க் எழுப்பியது. இந்த இயக்கம் பழிவாங்குவதற்கானதன்று, வன்முறைக்கானதன்று, ஆற்றுவதற்கும் செயல்படுவதற்குமானது என்ற கருத்தை அவர் வெளிப்படையாகப் பதிவிட்டார். தாழ்ந்த கைகளைப் பற்றி நான் மேலே சொன்னதை வைத்து அவருக்குப் பாதி மறுமொழி சொல்லலாம். மறுபாதிக்குச் சொல்ல முடியாது. வெட்டுண்ட தலை வெட்டுண்ட தலைதான். ஒரு சிலையை ஓர் இயக்கத்தின் சின்னம் என்று யார் அறிவிப்பது என்ற கேள்வியும் அவர் எதிர்ப்பில் இருந்தது. அந்த இயக்கத்தை அடித்தளத்திலிருந்து கட்டிய கறுப்பினப் பெண்ணிடம் யாரும் கேட்காமலே அது நடந்திருந்தது.

செய்தவர் ஆண் என்ற எதிர்ப்பை அதன் தனி வடிவில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெண் சிற்பிகள் இதே பொருளை எடுத்தபோது என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. ரோமில் பணியாற்றிய அமெரிக்கச் சிற்பி ஹாரியட் ஹோஸ்மர் 1854 வாக்கில் மெடூசாவின் மார்பளவுச் சிலையைப் பளிங்கில் செய்தார். கொலையும் இல்லை, பெர்சியூஸும் இல்லை. கூந்தல் பாம்பாக மாறத் தொடங்கும் அந்தக் கணத்தில் அவள் முகம் பக்கவாட்டில் திரும்புகிறது. பாம்பின் செதில்கள் அத்தனை நுணுக்கமாக இருப்பதற்கு, உயிருள்ள பாம்பொன்றை மயக்கி அச்செடுத்து மறுபடி விட்டுவிட்டார் என்ற கதை சொல்லப்படுகிறது. ஹோஸ்மர் தேர்ந்துகொண்ட கணம்தான் முக்கியம்: குற்றம் நடந்த பின், தண்டனை இறங்கும்போது.

கமீல் க்ளோடெல் இன்னும் கடினமான வழியில் போனார். 1897இல் தொடங்கி 1902இல் பளிங்கில் காட்சிக்கு வந்த 'பெர்சியூஸும் கோர்கனும்' சிலையில் அவர் பழைய கதையை மாற்றவே இல்லை. பெர்சியூஸ் தலையை உயர்த்திப் பிடித்திருக்கிறான். உடல் காலடியில் சரிந்திருக்கிறது. ஆனால் பாம்புகள் சூழ்ந்த, கன்னம் ஒட்டி வயதேறிய அந்தத் தலையின் முகத்தில் க்ளோடெலின் சொந்தச் சாயலைப் பார்த்தவர்கள் கண்டார்கள். சிற்பி ரோடானின் பட்டறையிலிருந்தும் உறவிலிருந்தும் விலகித் தனியே நிற்க அவர் போராடிய ஆண்டுகள் அவை. 1913இல் குடும்பத்தார் அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார்கள். 1943இல் இறக்கும்வரை வெளியே வரவில்லை. வாளைக் கைமாற்றாமலே, தலை யாருடையது என்பதை மட்டும் மாற்றி, செல்லினி எழுப்பாத கேள்வியை அச்சிலை எழுப்பிவிடுகிறது. நியூயார்க் சிலையைவிட இதையே நான் பெரிய படைப்பாகக் கருதுகிறேன். நீதிமன்றத்தின் எதிரே நிறுத்துவதற்கு இது உதவாது என்பதும் உண்மை. தோற்றவளின் முகத்தைப் பொதுவெளியில் வைத்து எந்த இயக்கமும் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை.

அதீனா எங்கே?

இத்தனை விவாதத்திலும் மிகக் குறைவாகப் பேசப்பட்டவள் அதீனா. ஓவிடின் கதையில் பாதிக்கப்பட்டவளைத் தண்டித்தது ஆண் அன்று, பெண் தெய்வம். பெர்சியூஸுக்குத் துணைநின்று வழிகாட்டியவளும் அவளே. கடைசியில் மெடூசாவின் தலை சென்று சேர்ந்த இடமும் அவள் மார்புக்கவசம். செல்லினியின் பீடத்தில் பெர்சியூஸின் காவல் தெய்வமாக மினர்வாவின் சிறு வெண்கல உருவம் இன்றும் நினைவூட்டலாக நிற்கிறது; அங்கே இருப்பது நகல், மூலம் நகரின் அருங்காட்சியகத்தில். கிரேக்கத் தெய்வங்களை வைத்துப் பெண் ஆற்றலைப் பாட விரும்புபவர்கள் அதீனாவை ஞானத்தின் சின்னம் என்றும் மெடூசாவைச் சீற்றத்தின் சின்னம் என்றும் தனித்தனிப் படங்களாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஒருத்தியின் ஆற்றல் இன்னொருத்தியின் முகத்தைக் கவசமாக அணிந்திருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெரிவதில்லை.

நீதிமன்றம் என்று வரும்போது இது இன்னும் கூர்மையாகிறது. கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய எஸ்கிலஸின் நாடகத்தில், கொலை வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தை நிறுவுபவள் அதீனா. தாயைக் கொன்ற ஒரெஸ்டெஸின் வழக்கில் வாக்குகள் சமமாகும்போது அவன் விடுதலை பெறுவது அவள் வாக்கால். என்னைப் பெற்ற தாய் ஒருத்தி இல்லை, நான் தந்தையின் பக்கம் என்பதே அவள் சொல்லும் காரணம். சீயஸின் தலையிலிருந்து பிறந்தவள் அல்லவா. கொல்லப்பட்ட தாய்க்காக நீதி கேட்டு வந்த சினத்தெய்வங்கள் கூந்தலில் பாம்புகளை உடையவை; அவற்றைக் கண்ட பூசாரி கோர்கன்களோ என்று ஐயுறுகிறாள். பாம்புத்தலைப் பெண்கள் முறையிட, பெண் தெய்வமே தலைமை வகிக்கும் மன்றம் ஆணை விடுவிக்கும் காட்சி, மேற்கத்திய நீதிமன்றம் குறித்த மிகப் பழைய கற்பனைகளுள் ஒன்றாக இருக்கிறது. சென்டர் ஸ்ட்ரீட்டில் மெடூசா நின்றபோது அந்தக் காட்சி முழுவதும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிற்பத்தில் அதற்கான சுவடு ஒன்றுகூட இல்லை. அவள் கையில் ஒரு கவசமோ, காலருகே ஓர் ஆந்தையோ இருந்திருந்தால் கட்டடத்தோடு அவள் நடத்திய பேச்சு வேறாக இருந்திருக்கும்.

2021 ஏப்ரலோடு சிலை பூங்காவை விட்டு நீங்கியது. 2024 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், 4க்கு 3 என்ற பெரும்பான்மையில், வைன்ஸ்டீனுக்கு எதிரான 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கோடு தொடர்பில்லாத பெண்களின் சாட்சியங்களை அனுமதித்தது தவறு என்பது அதற்கான காரணம். 2025இல் அதே மன்ஹாட்டனில் நடந்த மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் அவர் மீண்டும் குற்றவாளியெனக் காணப்பட்டார். சிலை அங்கேயே நிலையாக நின்றிருந்தால் இவ்விரு நாள்களிலும் செய்திப்படக்காரர்கள் அதன் முன்னால்தான் கூடியிருப்பார்கள், இரண்டு முறையும் அது வெவ்வேறு பொருளைத் தந்திருக்கும். ஆனால் நகரச் சொத்தில் ஒரு கலைப்படைப்பு நிலையாக நிற்க வேண்டுமானால், பொது வடிவமைப்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அப்படியொரு விண்ணப்பம் எப்போதாவது வந்தால், அந்த ஆணையம் கேட்க வேண்டிய முதற்கேள்வி தலை யாருடையது என்பதாக இருக்கும். 1504இல் ஃபுளோரன்ஸ் கேட்டதோ வாள் யாருடையது என்று.